ஓசியில கிடைக்குது, சரி... படிக்கிறது யாரு?

ஏனுங்க, நொய்யல் சாயக்கழிவு வழக்குல 2009ல உச்ச நீதிமன்றம் என்ன சொல்லுச்சுன்னு ஒரத்துப்பாளையம் விவசாயி ஒருத்தர் படிக்கணும்னா என்ன பண்ணுவார்?

முன்னெல்லாம் வக்கீல் ஆபீஸ் அலமாரிதான் கதி. அந்தத் தடித்தடிப் புத்தகங்களை வாங்க சின்ன வக்கீல்களுக்கே முழி பிதுங்கும். 2008ல சுஷாந்த் சின்ஹா 'இந்தியன் கானூன்' ஆரம்பிச்சார். தேடினா பைசா செலவில்லாம தீர்ப்பு வந்து நிக்குது. 2023ல உச்ச நீதிமன்றமே தன்னோட தீர்ப்புத் தொகுப்பை இ-எஸ்.சி.ஆர்.னு இலவசமாத் திறந்து விட்டுச்சு. சந்தோசம்.

ஆனா அந்த நொய்யல் தீர்ப்பு எழுதப்பட்டது இங்கிலீஷ்ல. அதுவும் வக்கீல் இங்கிலீஷ்! ஆத்துலயும் அணையிலயும் படிஞ்ச கழிவை அள்ளுற செலவு சாயப்பட்டறைக்காரங்க தலையிலதான்னு அதுல தெளிவா இருக்கு. யாருக்காக வழக்கு நடந்துச்சோ, அவருக்கு அந்த வரியை இன்னொருத்தர் படிச்சுச் சொல்லணும்.

உச்ச நீதிமன்றம் இப்போ தீர்ப்புகளைத் தமிழ்லயும் போடுது, மறுக்கல. எதை முதல்ல மொழிபெயர்க்கிறதுங்கிறதுலதான் என் சண்டை. சட்டக் கல்லூரியில பேர்போன தீர்ப்பெல்லாம் மெதுவா வரட்டும். நொய்யல் மாதிரி ஒரு ஊரோட தண்ணி, நிலம், கூலி சம்பந்தப்பட்டது முன்னாடி வரணும். சட்டம் படிச்ச நண்பர்கள் அதுவரைக்கும் ரெண்டு பக்கச் சுருக்கமாவது தமிழ்ல எழுதிப் போடலாமே? நொய்யல்லயே ஆரம்பிங்க, முதல் ஆளா நான் படிக்கிறேன் :-)