மருந்தடிக்குமுன் எண்ணிப் பாருங்கள்

கடந்த பெரும்போகத்தின்போது, வன்னியில் நெற்செய்கை பண்ணும் என் தம்பி தொலைபேசியில் அழைத்தான். “அண்ணை, வயலிலை அறக்கொட்டியான் விழுந்திட்டுது. ரண்டாந்தரமும் மருந்தடிக்கோணும். கொஞ்சக் காசு அனுப்புங்கோ” என்றான். இவ்விதமான அழைப்பு வராத வீடு எம்மவர் மத்தியில், பியர்ஃபித்திலும் சரி லாச்சப்பலிலும் சரி, அரிது. நான் உடனே ஒப்புக்கொள்ளாமல், “எத்தனை பூச்சி எண்ணினாய்?” என்று கேட்டேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. “பிரான்சிலை இருந்துகொண்டு உப்பிடித்தான் கதைப்பியள்” என்று கூறி வைத்துவிட்டான்.

அவன் கூறியதிலும் உண்மையுண்டு. அந்தக் கேள்வியை நான் கற்றது இங்கேதான். பியர்ஃபித் நிலையத்தில் டி வழித் தொடருந்தில் வடக்கு நோக்கி ஏறினால், வில்லியே-லு-பெல் தாண்டியதும் வயல்வெளி தொடங்கிவிடும். கோதுமையும், கடுகின் இனத்ததாகிய கோல்ஸாவும், சீனி பீற்றூட்டும் விளையும் பெருநிலம் அது. அங்கே ஓகஸ்ட் இறுதியிலும் செப்ரெம்பர் தொடக்கத்திலும் கோல்ஸா விதைக்கப்படுகின்றது. முளைத்த பயிர் மூன்று நான்கு இலை விடும்வரை அதற்குப் பெரும் பகை, பிரெஞ்சுக்காரர் லிமாஸ் என்றழைக்கும் ஓடில்லா நத்தை. இரவில் வெளிவந்து இளங்குருத்தைத் தரையோடு தின்றுவிடும். குருத்துப் போன பயிர் மீண்டும் துளிர்ப்பதில்லை. ஒவ்வொரு நத்தையும் ஆணும் பெண்ணுமாக இருப்பதால், எல்லாமே முட்டையிடுகின்றன. ஒன்று சில நூறு முட்டைகள் வரை இடும்.

விதைப்பதற்கு முன்னரே விவசாயி, ஐம்பது சதமமீற்றர் சதுரமான ஈரப் பாய்களை மாலையில் நிலத்தில் விரித்துவிடுகிறான். வெயில் ஏறுமுன் சென்று அவற்றைப் புரட்டி, அடியில் ஒதுங்கிய நத்தைகளை எண்ணுகிறான். நான்கு பாய்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீற்றர். ஆகவே கணக்கும் இலகு. தொகை குறைவாயின் அவன் எதுவுமே தூவுவதில்லை. அறுவடை முடிந்ததும் மேல்மண்ணை மெல்லக் கிளறி, முட்டைகளை வெயிலில் காயவிடுகிறான். விதைத்தபின் உருளையால் நிலத்தை அமுக்கி, நத்தை ஒளிந்து ஊரும் இடுக்குகளை அடைக்கிறான். இவையும் போதாதபோதுதான் இரும்புப் பொஸ்பேற்றுக் குறுணி. அதைத் தின்ற நத்தை உண்பதை நிறுத்தி மண்ணுக்குள் ஒதுங்கி இறந்துவிடும். மேலே பிணம் தெரியாததால், முதன்முறை பாவிப்பவர் ஏமாற்றப்பட்டதாக நினைப்பதுண்டு!

நத்தை பூச்சியினமன்று. ஆகையால் பூச்சிகொல்லி அதனைக் கொல்வதில்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துச் சோயா வயல்களில் நடத்தப்பட்டு, 2014 இறுதியில் வெளியான ஓர் ஆய்வு இதன் விளைவைக் காட்டிற்று. நியோநிக்கொற்றினொயிட் எனும் பூச்சிகொல்லி பூசிய விதையிலிருந்து முளைத்த பயிரை நத்தை தின்றது; நஞ்சைத் தன்னுள் வாங்கிக்கொண்டும் அது உயிரோடிருந்தது. ஆனால் அந்த நத்தையைத் தின்ற தரைவண்டுகள் முடங்கின அல்லது இறந்தன. வண்டு குறைந்த வயலில் நத்தை பெருகி, விளைச்சல் ஏறத்தாழ ஐந்து சதவீதம் குறைந்தது. பணம் கொடுத்து வாங்கிய விதைக்காப்பு, பயிரின் காவற்காரனையே கொன்றுவிட்டது.

நெல்லிலும் இதுவே நிகழ்ந்தது. இந்தோனேசியாவில் மருந்தடிக்க அடிக்க அறக்கொட்டியான் பெருகிற்று. அதனை உண்ணும் சிலந்திகள் முதலில் மடிந்ததே காரணம் என்று கண்டு, 1986ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு நெல்லுக்கான 57 பூச்சிகொல்லிகளைத் தடைசெய்தது.

எனினும் மருந்தில்லாமல் எல்லாம் நடக்கும் என்று நான் எழுதமாட்டேன். பிரான்சில் நியோநிக்கொற்றினொயிட்டுகள் 2018 செப்ரெம்பர் முதலாம் திகதி தடைசெய்யப்பட்டன. 2020இல் அழுக்கணவன் எனும் செடிப்பேன் பரப்பிய மஞ்சள் நோயால் பீற்றூட் விளைச்சல் நாடு முழுவதிலும் ஏறக்குறைய முப்பது சதவீதம் வீழ்ந்தது. அரசு 2021இலும் 2022இலும் விலக்களித்தது. 2023 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றத் தீர்ப்பு அவ்விலக்குக்கு வழியடைத்தது. 2025 ஓகஸ்டில் அவற்றுள் ஒன்றை மீண்டும் கொணரும் சட்டப் பிரிவை அரசியலமைப்பு மன்றம் நீக்கியது. நட்டப்பட்ட விவசாயியின் கோபத்தை, மிளகாய்த் தோட்டத்தில் வளர்ந்த நான் விளங்கிக்கொள்கிறேன்.

எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் நல்ல விலை கிடைத்தது. எங்கள் தோட்டத்தில் பூச்சி இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, நாள் பார்த்து மருந்தடித்தோம். ‘மருந்து’ என்றுதான் கூறினோம். நஞ்சு என்று எவரும் கூறவில்லை. அதே போத்தல் வீட்டு மூலையில் இருந்ததால் நேர்ந்த சாவுகள் எத்தனை என்பதை ஊரார் அறிவர். இலங்கை 1995இல் மிகக் கொடிய வகைகளையும் 1998இல் எண்டோசல்பானையும் தடைசெய்தபின், தற்கொலைச் சாவுகள் பெருமளவு குறைந்தன.

இங்கே வீட்டுத்தோட்டத் துண்டுகளில் கீரையும் வெண்டியும் நடுவோர் ஒன்றை மறக்கலாகாது. 2019 ஜனவரி முதல், தனியாட்கள் இரசாயனப் பூச்சிகொல்லிகளை வாங்குவதும் பாவிப்பதும் வைத்திருப்பதும் இந்நாட்டில் சட்டவிரோதம். அலுமாரியில் பழைய நீலநிற நத்தைக் குறுணி கிடந்தால், குப்பைவாளியிற் போடாமல் நகரசபையின் கழிவு ஒப்படைப்பு நிலையத்தில் கொடுத்துவிடுங்கள். அது மெற்றல்டிஹைட்டாக இருக்கக்கூடும். குழந்தை வாயில் வைத்தால் உயிராபத்து.

தம்பி மூன்று நாட்களின் பின் மீண்டும் அழைத்தான். நெற்புதரை விலக்கி அடித்தண்டில் எண்ணியிருக்கிறான். பெரும்பகுதியில் சிலந்திகள் நிறைந்திருந்தனவாம். யூரியாவை நிறுத்தி, தண்ணீரை வடியவிட்டு, பூச்சி மொய்த்த மேற்குத் துண்டுக்கு மட்டும் மருந்தடித்தான். கேட்ட காசில் பாதி போதுமாயிற்று. ஆனால் அத்துண்டில் கால் ஏக்கர் கருகிப்போயிற்று. முதல்நாளே அடித்திருந்தால் அதுவும் தப்பியிருக்கும் என்று இன்றைக்கும் என்னைத்தான் குறை கூறுகிறான்.