மோட்டாரைத் திறந்து பாருங்க, அப்புறம் கடைக்குப் போகலாம்

மோட்டார் நின்னா டவுன்ல புது மோட்டார் விலை விசாரிக்கிறாங்க. எங்க ஊர்ல ஸ்பேனரைத் தேடுவோம். இதுல பெருமை ஒண்ணும் இல்லை, வேற வழி இல்லை. லோயர்கேம்ப்ல இருந்து எங்க பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு முல்லைப்பெரியாறு தண்ணி வருது. தோட்டத்து வாழைக்கும் தென்னைக்கும் கிணறும் போரும்தான். சித்திரை வெயில்ல குலை தள்ளுற வாழை, மெக்கானிக் வர்ற வரைக்கும் காத்திருக்காது.

உங்க அபார்ட்மென்ட் நீச்சல்குளத்து பம்பும், மொட்டைமாடி டேங்குக்குத் தண்ணி ஏத்துற பம்பும், என் கிணத்து மோனோபிளாக்கும் ஒரே குடும்பம். பின்னால மோட்டார், முன்னால இம்பெல்லர், தண்ணி மோட்டார் பக்கம் போகாம நடுவுல ஒரு சீல். நீச்சல்குளத்து பம்புல குப்பை பிடிக்க ஒரு கூடை கூடுதலா இருக்கும்.

சிங்கிள் பேஸ் மோட்டார் சுத்தாம உறுமுதா? காயில் எரிஞ்சிருச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. மெயினை அணைச்சு பீஸ் கட்டையைப் பிடுங்கிட்டு, பின்மூடியைக் கழட்டி ஃபேனைக் கையால சுத்திப் பாருங்க. லேசா சுத்துச்சுன்னா பெரும்பாலும் கண்டன்சர்தான். மெயினை அணைச்ச பிறகும் அதுல கரண்ட் தங்கியிருக்கும். எலெக்ட்ரீசியனை விட்டு அதே அளவுல மாத்துங்க. ஃபேன் அசையவே இல்லைன்னா இம்பெல்லர்ல கல்லோ முடியோ சிக்கியிருக்கும், இல்லைன்னா பேரிங் இறுகியிருக்கும்.

மோட்டார் நல்லா ஓடுது, தண்ணிதான் குறைச்சல்னா கூடையையும் இம்பெல்லர் வழிகளையும் சுத்தம் பண்ணுங்க. மணல் அரிச்சு ஓரம் தேஞ்சிருந்தா இம்பெல்லரை மட்டும் மாத்தினா போதும்.

ரொம்ப முக்கியம் சீல். பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவுல சொட்டு விழுதுன்னா அதை நாளைக்குன்னு தள்ளாதீங்க. அந்தச் சொட்டு முதல்ல பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும், அப்புறம் காயிலுக்குப் போகும். தண்ணி இல்லாம ஓட விட்டாலும் சீல் சூடேறிக் கருகிடும். புது சீல் போடும்போது, ஒண்ணோடொண்ணு உரசுற அந்த வழுவழுப்பான முகத்துல எண்ணெய்க் கை படக்கூடாது.

"ரிப்பேர் செலவுக்குப் புதுசே வாங்கிடலாமே"ன்னு கேட்பீங்க. காயில் எரிஞ்ச சின்ன மோட்டாருன்னா அது நியாயம்தான். சரியா கட்டாத காயில் கரண்டைக் கூடுதலா இழுக்கும். விவசாயத்துக்கு 1990-லிருந்து கரண்டு இலவசம், அதனால எங்களுக்கு அது உறைக்கிறதில்லை. உங்களுக்கு பில்லுல தெரியும். ஆனா சீலும் கண்டன்சரும் போனதுக்கு முழு மோட்டாரைத் தூக்கிப் போடுறதை நான் ஒத்துக்க மாட்டேன்.

இங்கே கைவேலை வளர்ந்ததுக்கு ஒரு காரணம் கோயம்புத்தூர். 1937-ல ஜி.டி.நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செஞ்ச ஊர் அது. மோட்டாரோட சேர்ந்து உதிரிப் பாகமும், காயில் கட்டுற கடையும் ஊர் ஊரா வந்துச்சு. பாகம் கிடைச்சதாலதான் கை பழகுச்சு. இப்போ வர்ற சில சின்ன பம்புகளைத் திறக்கவே முடியாதபடி ஒட்டி மூடிடறாங்க. அதுல எவ்வளவு கெட்டிக்கார மெக்கானிக்கும் என்ன பண்ணுவார்?

மத்திய அரசு 2022 ஜூலையில 'ரிப்பேர் செய்யும் உரிமை'க்குக் குழு போட்டப்போ, போன், காரோட விவசாயக் கருவியையும் அதுல சேர்த்தாங்க. நல்ல விஷயம். ஆனா கடைக்காரருக்கு நம்ம கேள்விதான் முதல் சட்டம். அடுத்த தடவை மோட்டார் வாங்கும்போது ஹெச்.பி.யும் விலையும் கேட்கிறதுக்கு முன்னால மூணு கேள்வி கேளுங்க: இதைத் திறக்க முடியுமா? சீலும் இம்பெல்லரும் தனியா கிடைக்குமா? அஞ்சு வருஷம் கழிச்சும் கிடைக்குமா? பதில் வரலைன்னா, அடுத்த கடைக்கு நடங்க.