வேலிக்கு அந்தப் பக்கம் தெரியாத கோடு

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியாவுக்குப் பக்கத்தில் டெப்ட்ஃபர்ட் என்றோர் ஊர் உண்டு. அந்த ஊரின் சிறுவர் பேஸ்பால் சங்கம் 2023-இல் ஒரு புதிய விதியைக் கொண்டுவந்தது. ஆட்டத்தின்போது நடுவரைத் திட்டும் பெற்றோர் இனி மைதானத்துக்கு வரக் கூடாது. திரும்பி வர வேண்டுமானால், மூன்று ஆட்டங்களுக்கு அவரே நடுவராக நிற்க வேண்டும். மறுத்தால் ஓராண்டுத் தடை. தன்னார்வ நடுவர்கள் இருவர் வசை தாங்காமல் விலகிப்போன பிறகு பிறந்த விதி இது.

செய்தி வேடிக்கையாகப் பரவியது. ஆனால் இந்த விதியைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம். பெற்றோர் ஏன் கத்துகிறார்கள் என்பதைப் பற்றிய ஒரு கணிப்பு அதற்குள் இருக்கிறது.

முதலில் ஆட்டத்தைப் புரிந்துகொள்வோம். டெப்ட்ஃபர்ட் சங்கம் 'லிட்டில் லீக்' அமைப்பைச் சேர்ந்தது. 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கிய இந்த அமைப்பு, ஊர்க்காரர்களின் உழைப்பில் நடப்பது. பயிற்சியாளர் யாரோ ஒரு பையனின் அப்பாவாக இருப்பார். நடுவரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்தான்.

பந்தை எறியும் பையனுக்கும் மட்டை பிடிக்கும் பையனுக்கும் இடையே 46 அடி தூரம். மட்டையாளர் பக்கத்தில் தரையில் 17 அங்குல அகலத்தில் ஒரு வெள்ளைத் தகடு பதித்திருப்பார்கள். மட்டையாளர் அடிக்காமல் விட்ட பந்து அந்தத் தகட்டுக்கு மேலாக, அவருடைய முழங்காலுக்கும் அக்குளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் சென்றிருந்தால் அது 'ஸ்ட்ரைக்'. எறிந்தவருக்குச் சாதகம். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் மட்டையாளர் வெளியேற வேண்டும். பந்தின் ஓர் ஓரம் தகட்டின் ஓர் ஓரத்தைக் கடந்திருந்தாலே போதும்.

நன்றாக எறியும் பையனின் பந்து மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும். 46 அடியைக் கடக்க அதற்கு அரை விநாடிதான் ஆகும். அதற்குள் நடுவர் உயரத்தையும் பார்க்க வேண்டும், அகலத்தையும் பார்க்க வேண்டும். அதனால்தான் அவர் பந்து பிடிப்பவருக்குப் பின்னால் குனிந்து, பந்து வரும் நேர்கோட்டில் நிற்கிறார்.

பெற்றோர் பலர் உட்கார்ந்திருப்பது பக்கவாட்டு வேலிக்கு அப்பால். அங்கிருந்து பார்த்தால் பந்தின் உயரம் ஓரளவு தெரியும். தகட்டுக்கு மேலாகப் போனதா, இரண்டு அங்குலம் விலகிப் போனதா என்பது தெரியவே தெரியாது. பக்கவாட்டில் உட்கார்ந்துகொண்டு கிரிக்கெட்டில் எல்பிடபிள்யூ தீர்ப்பு சொல்வது போலத்தான். ஆனால் கத்துகிறவருக்குத் தான் பார்க்கவில்லை என்றே தோன்றாது.

பார்வைக் கோணம் இதில் பாதிதான். மீதி, பார்ப்பவர் யார் பக்கம் என்பது. 1951-இல் டார்ட்மத், பிரின்ஸ்டன் என்ற இரு பல்கலைக்கழகங்களுக்கு இடையே முரட்டுத்தனமான அமெரிக்கக் கால்பந்தாட்டம் ஒன்று நடந்தது. அதன் படச்சுருளை இரு பக்கத்து மாணவர்களுக்கும் திரையிட்டு, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரண்டு உளவியலாளர்கள். டார்ட்மத் அணி செய்த மீறல்களில், டார்ட்மத் மாணவர்கள் கண்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். இரு தரப்பும் பார்த்தது ஒரே படம். பொய் சொல்ல எவருக்கும் காரணம் இல்லை. பல்கலைக்கழகப் பற்றே இவ்வளவு செய்யும் என்றால், மட்டை பிடித்து நிற்பது சொந்தப் பிள்ளை என்னும்போது கேட்க வேண்டுமா?

பணத்தையும் ஒரு காரணமாகச் சொல்வதுண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஊர் ஊராகச் சென்று ஆடும் தனியார் அணிகளில் பிள்ளையைச் சேர்த்தால் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் போய்விடும். கல்லூரி உதவித்தொகைக் கனவும் கூடவே வரும். ஆனால் டெப்ட்ஃபர்டில் நடந்தது ஊர்ச் சங்கத்து ஆட்டம். பெரிய முதலீடு இல்லாத இடத்திலும் கத்தல் இருக்கிறது. ஆகவே பணத்தை முழு விளக்கமாக எடுத்துக்கொள்ள எனக்குத் தயக்கம்.

கத்தலின் விளைவு அந்த ஆட்டத்தோடு முடிவதில்லை. அமெரிக்க விளையாட்டு நடுவர்கள் சங்கம் 2017-இல் நடத்திய கருத்துக்கணிப்பில் 17,000-க்கும் மேற்பட்ட நடுவர்கள் பங்கேற்றார்கள். ஆட்டப்பண்பைக் கெடுப்பதில் முதலிடம் யாருக்கு என்ற கேள்விக்கு, பத்தில் நான்கு பேர் பெற்றோரையே கைகாட்டினார்கள். பயிற்சியாளர்களுக்கு இரண்டாமிடம்தான். 2018-19-க்கும் 2021-22-க்கும் இடையே உயர்நிலைப் பள்ளி ஆட்ட நடுவர்களில் சுமார் 50,000 பேர் விலகினார்கள். கொரோனாவுக்கும் அதில் பங்குண்டு. எக்காரணத்தால் விலகினாலும், அனுபவசாலி போன இடத்துக்கு வருபவர் பெரும்பாலும் புதியவர். பல ஊர்களில் அவர் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளை. புதியவர் அதிகம் தவறுவார். தவறினால் கத்தல் கூடும். கத்தல் கூடினால் அவரும் போய்விடுவார். நல்ல நடுவர் இல்லையே என்று புலம்பும் பெற்றோரே அந்தப் பற்றாக்குறையை வளர்க்கிறார்கள்.

இதற்குப் பல வைத்தியங்கள் நடந்திருக்கின்றன. 1999-இல் வடக்கு ஒஹையோவின் சிறுமியர் கால்பந்துச் சங்கம் ஒன்று 'மௌன ஞாயிறு' நடத்தியது. அன்று பெற்றோர் வாயே திறக்கக் கூடாது. திட்டு நின்றது, பாராட்டும் கூடவே நின்றது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 2008-இல் தொடங்கிய 'மரியாதை' இயக்கத்தில், பார்வையாளர்கள் நிற்க வேண்டிய இடத்தைக் கயிறு கட்டிப் பிரித்தார்கள். கயிறு ஆளைத் தள்ளி நிறுத்தும். அவர் என்ன பார்க்கிறார் என்பதை மாற்றாது.

டெப்ட்ஃபர்ட் விதி பார்க்கும் இடத்தையே மாற்றுகிறது. வேலிக்கு அப்பால் இருந்தவரைக் களத்துக்குள் கொண்டுவந்து நடுவராக நிறுத்துகிறது. கண நேரத்தில் முடிவு சொல்ல வைக்கிறது. தன் பிள்ளையின் பக்கம் நிற்க முடியாத இடம் அது. வேலை எவ்வளவு கடினம் என்று காட்டுவதுதான் நோக்கம் என்று சங்கத் தலைவரும் விளக்கினார்.

இதில் ஓர் இடறல் உண்டு. தண்டனையாக வந்து நிற்பவர் விருப்பமில்லாத, அனுபவமில்லாத நடுவர். அந்த மூன்று ஆட்டங்களும் யாரோ சில குழந்தைகளின் ஆட்டங்கள். நடுவர் பயிற்சியை முடித்த பிறகே அவரைக் களத்தில் விட்டால் இந்தக் குறை ஓரளவு அடங்கும்.

மௌன ஞாயிறையும் கயிற்றையும் விட இந்த விதி கூர்மையானது என்று நினைக்கிறேன். நடுவர் காண்பது தனக்குத் தெரியாது என்பதை அறியாமல் கத்துகிறவருக்கு இது பொருந்தும். எல்லாம் தெரிந்தே, பதினாறு வயது நடுவரை மிரட்டினால் அடுத்த தீர்ப்பு தன் பக்கம் சாயும் என்று கணக்குப் போட்டுக் கத்துகிறவரும் இருக்கிறார். அவரிடம் மூன்று ஆட்டங்களை ஒப்படைப்பதை விட, விதியின் மறுபாதியான ஓராண்டுத் தடையை நேராகக் கொடுத்துவிடலாம்.