குப்பை போகும் வழி

காடு, ஏரி, ஆறு, வனவிலங்கு ஆகியவற்றோடு கூடிய இயற்கைச் சூழலைக் காப்பதும் ஜீவராசிகளிடம் கருணை கொள்வதும் பிரஜைகள் ஒவ்வொருவருடைய கடமை என்று 1976-ஆம் ஆண்டிலேயே நமது அரசியல் சாசனத்தில் சேர்த்துவிட்டோம். வழக்கறிஞர் எம். சி. மேத்தா தொடுத்த வழக்கிலே, சுற்றுச்சூழலைப் பற்றிய கல்வி பள்ளிகளில் கட்டாயப் பாடமாக வேண்டுமென்று 1991-இல் உச்ச நீதிமன்றமும் வற்புறுத்தியது. ஆகவே பாடம் இல்லையே என்ற குறை இன்று இல்லை. மாசின் வகைகளையும் ஓசோன் படலத்தின் தேய்வையும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கக்கூடிய மாணவனிடம், காலையில் உன் வீட்டிலிருந்து வெளியேறிய குப்பை இந்நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்டால், அவனால் விடை சொல்ல முடிவதில்லையே என்பதுதான் என்னுடைய குறை. தெருமுனையைத் தாண்டியதும் குப்பை இல்லாமற்போய்விடுகிறது என்றே அவன் மனம் நம்பியிருக்கிறது. அந்த நம்பிக்கை கலையாத வரையில் எத்தனை அத்தியாயங்களைப் புகட்டினாலும் அவை அவனுடைய நடத்தையைத் தொடப்போவதில்லை.

கையால் செய்து கற்பதே கல்வி என்னும் கருத்து நமக்குப் புதிதன்று. 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தபோது, அதற்குப் பாடத்திட்டம் வகுத்த ஜாகிர் உசேன் குழுவில் தஞ்சாவூரிலே பிறந்த ஜே. சி. குமரப்பாவும் இருந்தார், யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் இருந்தார். சேவாகிராமத்துப் பிள்ளைகளுக்குக் கழிவறையைத் துப்புரவு செய்வதும் கழிவை எருவாக்குவதும் படிப்பின் அங்கமாகவே இருந்தன. ஒன்றின் எச்சம் மற்றொன்றின் ஆகாரமாகிச் சுழன்றுகொண்டே இருப்பது இயற்கையின் தர்மம் என்பதையும், அந்தச் சுழற்சியை அறுப்பது ஹிம்சையே ஆகும் என்பதையும், சிறைவாசத்தில் எழுதி 1945-இல் வெளிவந்த தமது பொருளாதார நூலிலே குமரப்பா விளக்கினார். அந்த மரபை நாம் தொடர்ந்து பேணியிருந்தால் இன்று இப்பத்தியை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது.

புறநகர்ப் பகுதியொன்றிலுள்ள அரசுப் பள்ளியில், எட்டாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை ஒருவர் நடத்திய பாடத்தை அண்மையில் பார்த்தேன். தரையிலே செய்தித்தாளை விரித்து, தம்முடைய வீட்டின் ஒரு நாள் குப்பையை அதன்மேல் கொட்டி, பிள்ளைகளைச் சுற்றி உட்காரவைத்து, இவற்றுள் எதையெல்லாம் பழைய பேப்பர் கடைக்காரர் காசு கொடுத்து வாங்கிக்கொள்வார் என்று மட்டும் கேட்டார். நாளிதழ், பாட்டில், தகர டப்பா, அட்டைப்பெட்டி என்று பிள்ளைகள் ஒவ்வொன்றாக எடுத்து ஒருபுறம் வைத்தார்கள். பால் கவரை எடுத்த பையனிடம், நறுக்கிய மூலை எங்கே என்று ஆசிரியை கேட்டதும் அவன் விழித்தான். கழுவிக் காயவைத்த கவர் கடைக்குப் போய்ச் சேர்கிறது. நகத்தளவே உள்ள அந்த முக்கோணத் துண்டோ பாத்திரம் கழுவிய நீரோடு சாக்கடைக்குப் போய்விடுகிறது. முழுவதும் நறுக்கிவிடாமல் ஓரத்தில் சிறிது ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினால் போதும் என்பதை அவர் கத்தரிக்கோலால் செய்தே காட்டினார். பிறகு பிஸ்கட் உறையைக் கிழித்து, உட்புறத்தில் மின்னிய வெள்ளிப் பூச்சை ஒவ்வொருவரும் விரலால் தடவிப் பார்க்கும்படி செய்தார். பிளாஸ்டிக் படலமும் அலுமினியமும் பிரிக்க இயலாதபடி ஒன்றாகிவிட்ட அந்த உறையை உருக்கி மறுபடி பயன்படுத்துவது எளிதன்று என்பதும், எந்தக் கடைக்காரரும் அதைக் கையால் தொடாததற்குக் காரணம் அதுவே என்பதும் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு அன்று பிரத்தியட்சமாக விளங்கிவிட்டன.

எஞ்சியவை தோலும் காம்பும் சோறுமாகிய சமையலறைக் கழிவுகள். இவைதாம் அபாயமற்றவை என்று பிள்ளைகள் நினைத்தார்கள். பெரியவர்களாகிய நம்மில் அநேகரும் அப்படித்தான் நினைக்கிறோம். காய்ந்த சருகோடு சேர்த்துக் குழியிலிட்டு அவ்வப்போது கிளறிவிட்டால் சில வாரங்களில் மண்வாசனை வீசும் எருவாகும் அதே பொருள், காற்றுப் புகாமல் குப்பைமேட்டின் அடியில் புதையும்போது, தீப்பற்றக்கூடிய மீத்தேன் வாயுவை உண்டாக்குகிறது. சென்னையின் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு 2022 ஏப்ரலில் பற்றிக்கொண்டு நாட்கணக்கில் புகைந்தது. அந்தக் கிடங்கு அமைந்திருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மடியிலே; பூநாரைகள் வந்திறங்குகிற, மழை வெள்ளத்தை வாங்கிக்கொண்டு தென்சென்னையைக் காக்கிற அந்த நிலத்திலே. சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று ராம்சார் பட்டியலில் அது இடம்பெற்றதும் அதே ஆண்டில்தான். பல்லாண்டுக் குப்பையை அகழ்ந்து சலித்துப் பிரிக்கும் வேலை அங்கே நடந்து வருவது ஆறுதலான விஷயம். சென்னைப் பிள்ளைகளைப் பொருட்காட்சிக்கும் கேளிக்கைப் பூங்காவுக்கும் அழைத்துச் செல்லும் பள்ளிகள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் தகுந்த பாதுகாப்போடு இவ்விடத்திற்கு அழைத்துவந்து, ஒரே பார்வையில் பறவையையும் குப்பைமேட்டையும் காணச் செய்ய வேண்டும் என்பது என்னுடைய திடமான அபிப்பிராயம்.

அந்த ஆசிரியையின் பாடம் முடியும் தறுவாயில் ஒரு சிறுமி எழுந்து, "டீச்சர், நாங்க பிரிச்சுக் குடுத்தாலும் வண்டியில எல்லாத்தையும் ஒண்ணாத்தான கொட்டுறாங்க?" என்று கேட்டாள்.

குப்பையை வீட்டிலேயே தரம் பிரிக்க வேண்டுமென்பது 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் பொதுமக்கள்மீது சுமத்திய கடமை; பிரித்ததைப் பிரித்தபடியே கொண்டுபோவது உள்ளாட்சியின்மீது சுமத்திய கடமை. பின்னது தவறும்போது நஷ்டம் எருவோடு போவதில்லை. தான் சிரத்தையோடு இரண்டு கூடைகளில் இட்டதை ஒரே தொட்டியில் கவிழ்ப்பதைக் கண்ணால் கண்ட குழந்தை, பெரியவர்களின் உபதேசங்கள் அனைத்தையுமே சந்தேகிக்கத் தொடங்கிவிடுகிறது. இதற்காக வண்டியோடு வரும் தூய்மைப் பணியாளரைக் கடிந்துகொள்வது அநியாயம். தடுப்பில்லாத வண்டியை அவரிடம் கொடுத்தவர்கள் வேறு. என்னைக் கேட்டால், அவரையே ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து நாற்காலியிட்டு அமர்த்தி, அவர் கையில் குத்திய கண்ணாடித் துண்டைப் பற்றியும் ஊசியைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லச் செய்வேன். அவருக்குத் தெரிந்தது எந்தப் பாடநூலிலும் இல்லை.

அந்த ஆசிரியை சிறுமியின் கேள்வியை விண்ணப்பமாக எழுதச் சொன்னார். வண்டியில் தடுப்பு அமைத்து இரண்டு அறைகளாக்க வேண்டும், பிரித்த குப்பை எங்கே போகிறதென்று தங்களை அழைத்துப்போய்க் காட்ட வேண்டும் என்று வகுப்பு முழுவதும் கையெழுத்திட்டு உள்ளூர் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறது. அதைப் பெற்றுக்கொண்ட அதிகாரி தலைமையாசிரியருக்குச் சம்பிரதாயமாக ஒரு வரி எழுதி அனுப்பிவிடாமல், கையெழுத்திட்ட பிள்ளைகளையே விளித்து, எது எப்போது முடியும், எது இப்போதைக்கு முடியாது, ஏன் முடியாது என்று விவரமாகப் பதில் எழுதும்படி வேண்டிக்கொள்கிறேன்.