பழசு என்பது ஒரு ஃபால்ட் அல்ல

தலைப்பைப் பார்த்துவிட்டு என் உடம்பைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நினைக்க வேண்டாம். அதுவும் கடைசியில் கொஞ்சம் வரும். இது எங்கள் வீட்டு டிவியோடு இணைத்திருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றியது.

2014-ல் ரிடையர் ஆன கையோடு அசெம்பிள் செய்து வாங்கினேன். நாலாம் தலைமுறை ஐ3, 8 ஜிபி ராம். அதை ஹெச்டிஎம்ஐ கேபிள் வழியாக 40 அங்குல ஃபுல் ஹெச்டி டிவியில் மாட்டினேன். பதினோரு வருஷமாக எங்கள் வீட்டு கொட்டகை அதுதான். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள், கச்சேரிகள், பேத்தியின் அரங்கேற்றம் எல்லாம் அதில்தான் பார்த்தோம்.

போன வருஷம் எனக்கு எழுபது முடிந்து பீமரத சாந்தி நடந்தது. பேரன் தன் செல்போனில் 4கே-யில் படம் பிடித்தான். அதில் என் மைத்துனர் எங்கள் இருவரையும் ஆசீர்வதித்து நாலு வார்த்தை பேசுகிறார். ஆறு மாதத்தில் அவர் போய்விட்டார். "ஏங்க, அண்ணன் பேசினதைப் பெரிசா ஒரு தடவை பார்க்கணும்" என்றாள் என் மனைவி. கண் ஆபரேஷன் ஆனவள். செல்போன் திரை அவளுக்குப் போதாது.

போட்டேன். குரல் ஓடுகிறது, படம் நிற்கிறது. அண்ணன் கை உயரவே இல்லை, ஆசீர்வாதம் முடிந்துவிட்டது. விட்டு விட்டு, திக்கித் திக்கி வந்த அந்த முகத்தைப் பார்த்து அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எந்தக் கடை என்பது வேண்டாம். பையன் மூடியைக்கூடக் கழற்றவில்லை. "எந்த வருஷம் வாங்கினது சார்?" சொன்னேன். "பழசாயிடுச்சு சார். புதுசு போட்டுடுங்க. நாற்பத்தஞ்சாயிரத்துல முடிச்சுடலாம்." பெங்களூரில் இருக்கும் மகனிடம் சொன்னால் அவனும், "அப்பா, அது பழசுப்பா, நான் ஆர்டர் பண்ணிடறேன்" என்கிறான்.

இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. 34 வருஷம் டெலிபோன் இலாகாவில் ஃபால்ட் பார்த்தவன் நான். 198-ல் புகார் வந்தால் டெஸ்ட் டெஸ்க்கில் லைனைச் சோதிப்போம். டிஸ்ஸா, எர்த்தா, காண்டாக்டா, லோ இன்சுலேஷனா என்று பார்த்த பிறகுதான் லைன்மேன் கிளம்புவார். "உங்க லைன் பழசு, புது கேபிள் போட்டுக்கோங்க" என்று ஒரு சந்தாதாரரிடம் சொல்லியிருந்தால் எங்கள் எஸ்டிஓ தோலை உரித்திருப்பார். ஃபால்ட் என்றால் அதற்கு ஒரு இடம் உண்டு. இடத்தைச் சொல்லாதவன் ஃபால்ட்டைக் கண்டுபிடிக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொன்று. அதே கம்ப்யூட்டரில், அதே நாளில், பழைய படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. பழசுதான் காரணம் என்றால் அது மட்டும் எப்படி ஓடும்?

ஆகவே நானே உட்கார்ந்தேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியபின் சோதிப்பது. இதுதான் நாங்கள் படித்த பாடம்.

முதலில் தூசி. மூடியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் தட்டினேன். ஃபேனைச் சுற்றி ஒரு தலையணைக்குப் பஞ்சு இருந்தது. சூடேறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சுத்தம் செய்ததில் சத்தம் குறைந்தது, திக்கல் போகவில்லை. அடுத்து பென் டிரைவ் மேல் சந்தேகம். ஃபைலை உள் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்து போட்டேன். அதே திக்கல். மூன்றாவதாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டையும் ஓட்டினேன். பழைய படத்துக்கு சிபியூ பதினைந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. பேரன் எடுத்ததைப் போட்டதும் நூறு.

ஃபால்ட்டின் இடம் தெரிந்துவிட்டது. விஎல்சியில் கன்ட்ரோலும் ஜே-யும் சேர்த்து அழுத்தினால் ஃபைலின் ஜாதகம் வரும். பழைய படம் ஹெச்.264. பேரனுடையது ஹெச்இவிசி, அதாவது ஹெச்.265. வீடியோவைச் சுருக்கி மடித்து வைக்கும் முறைகள் இவை. முன்னது 2003-ல் வந்தது. அதைப் பிரிக்க என் பிராசசருக்குள்ளேயே தனிச் சுற்று இருக்கிறது. பின்னது 2013-ல்தான் வந்தது. என் பிராசசர் தலைமுறையும் அதே வருஷத்துப் பிறப்பு. அதனால் அதைப் பிரிக்க முழு வசதி உள்ளே வைக்கப்படவில்லை. வேலை முழுவதையும் சிபியூவே தலையில் சுமக்கிறது, மூச்சு வாங்குகிறது. இவ்வளவுதான் விஷயம்.

மருந்து? ஹேண்ட்பிரேக் என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். ஃபைலைக் கொடுத்து, ஹெச்.264, 1080 என்று தேர்ந்தெடுத்து, ராத்திரி ஓடவிட்டுப் படுத்துவிட்டேன். காலைக் காபிக்குள் முடிந்திருந்தது. தரம் போய்விடாதா என்று மகன் கேட்டான். 4கே-யில் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். என் டிவியில் இருப்பதே சுமார் 21 லட்சம். நாலில் மூன்று பங்கை டிவி எப்படியும் காட்டப் போவதில்லை. ஒரிஜினலும் பத்திரமாக இருக்கிறது. நஷ்டம் எங்கே?

இன்னொரு நோயும் உண்டு, அதை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. சிபியூ சும்மா இருக்கும், ஆனாலும் கேமரா மெதுவாகத் திரும்பும்போது படம் லேசாக உதறும். சினிமா நொடிக்கு 24 சட்டம். டிவிக்குப் போவதோ நொடிக்கு 60. 24-ஆல் 60 சரியாக வகுபடாது. அதனால் ஒரு சட்டம் இரண்டு தடவையும் அடுத்தது மூன்று தடவையுமாகக் காட்டப்படும். அந்த நொண்டிதான் உதறல். விண்டோஸின் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே பகுதியில் ரெஃப்ரெஷ் ரேட்டை 24 ஆக்கினால், டிவி ஏற்றுக்கொண்டால், போய்விடும். தூர்தர்ஷன் காலத்துப் பதிவுகள் 25 சட்டம். அவற்றுக்கு 50 வைக்க வேண்டும். செலவு பூஜ்யம்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இதில் விண்டோஸ் 11 ஏறாது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அதனால் பேங்க் வேலையை இதில் செய்வதில்லை. எல்லாப் படத்தையும் 4கே-யில்தான் பார்ப்பேன் என்பவர் புதுசு வாங்கத்தான் வேண்டும். நானும் ஒரு நாள் வாங்குவேன். ஆனால் காரணத்தைச் சொல்லி வாங்கச் சொல்லுங்கள். "உங்க பிராசசர் ஹெச்இவிசி பிரிக்காது சார். மாத்தணும், இல்லேன்னா ஃபைலை மாத்திக்கோங்க" என்று அந்தப் பையன் சொல்லியிருந்தால் அவனுக்கு மாலை போட்டிருப்பேன். வழி இரண்டு என்று தெரிந்தபின் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது என் உரிமை. "பழசு" என்ற ஒற்றைச் சொல் அந்த உரிமையைப் பறித்துவிடுகிறது.

நம் வயசுக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. வலது முழங்கால் வலிக்கிறது என்றால் டாக்டர் "வயசாயிடுச்சு" என்பார். இடது காலுக்கும் அதே வயசுதானே டாக்டர், அது ஏன் வலிக்கவில்லை என்று கேட்ட பெரியவரின் பழைய ஜோக் உங்களுக்குத் தெரியும். சிரித்துவிட்டுப் போகிறோம். சிரிக்காமல் அந்தக் கேள்வியைத் திரும்பக் கேட்கப் பழக வேண்டும், டாக்டரிடமும் சரி, கடைக்காரரிடமும் சரி, பெற்ற பிள்ளையிடமும் சரி. எங்கே கோளாறு? எப்படித் தெரியும்? சோதித்தீர்களா?

அன்று சாயங்காலம் அவளை உட்கார வைத்துப் போட்டேன். அண்ணன் கை உயர்ந்தது, அட்சதை விழுந்தது, அவர் சிரித்தார். எங்கும் தடங்கல் இல்லை. முடிந்ததும், "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். மூன்று தடவை போட்டேன்.