விறகுச் சுமையும் உலகக் கணக்கும்

சித்தேரி மலைப்பக்கத்திலிருந்து விறகுச் சுமையுடன் இறங்கிவரும் ஒரு மாதினை நாம் கண்டிருக்கிறோம். அச்சுமையை அவள் அரூர்க் கடைத்தெருவில் விற்பாளாயின், சர்க்கார் கணக்கில் அவள் வேலையுள்ளவள். அதனையே தன் வீட்டடுப்பண்டை இறக்கி, வேறு தொழிலொன்றும் செய்யாதிருப்பாளாயின், அவள் வேலையுள்ளவளுமல்லள், வேலையற்றவளுமல்லள். வீட்டுக் காரியம் பார்ப்பவள் என்னும் வகுப்பிற் சேர்க்கப்பட்டுத் தொழிலாளர் தொகைக்கே புறம்பாகி விடுகிறாள். சுமையின் பாரமும் வழியின் தூரமும் ஒன்றே.

இவ்விதிகள் யாரோ மனம்போனவாறு வகுத்தவையல்ல. 1919-ம் ஆண்டில் ஏற்பட்ட சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம், பல தேசத்துப் புள்ளிவிவர நிபுணர்களை 1923 முதல் காலந்தோறும் கூட்டி, வேலை என்பது யாது, வேலையின்மை என்பது யாது என நிர்ணயித்து வருகிறது. ஒரு தேசத்தார் ஒரு படியாலும் மற்றொரு தேசத்தார் வேறு படியாலும் நெல்லளந்தால், எவர் களஞ்சியம் பெரிதென்று எங்ஙனம் கூறுவது? 1982-ம் ஆண்டின் தீர்மானம், குடும்ப உணவுக்கு முக்கியமாக உதவும் பயிர்த்தொழிலையும் வேலையாகவே கொண்டது. 2013-ம் ஆண்டின் தீர்மானமோ, கூலிக்கோ லாபத்திற்கோ செய்வதே வேலை எனக் குறுக்கி, சொந்த உபயோகத்திற்கான உற்பத்தியை வேறு தலைப்பின்கீழ் வைத்தது. நமது தேசத்துக் கணக்கு இவ்விஷயத்தில் இன்னும் பழைய வழியை ஒட்டியே நிற்கிறது. ஆகவே வீட்டுச் செலவுக்கென்றே சாமையும் கேழ்வரகும் விளைவிக்கும் குடியானவப் பெண் இங்கே வேலையுள்ளவள்; புதிய விதியின்படி அல்லள்.

நம் தேசத்தில் 2017-ம் ஆண்டு முதல் நடைபெறும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு இரண்டு அளவைகளைக் கையாளுகிறது. ஓராண்டு முழுவதையும் நோக்குவது ஒன்று. சென்ற ஏழு நாட்களை நோக்கி, அவற்றுள் ஒரு நாளில் ஒரு மணி நேரமேனும் உழைத்தவரை வேலையுள்ளவர் எனக் கொள்வது மற்றொன்று. 2023-24-ல் வேலையின்மை நூற்றுக்கு 3.2 என்றது முதல் அளவை. 2025 ஏப்ரலுக்கு 5.1 என்றது இரண்டாவது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து, ஓராண்டிற்குள் நாடு கெட்டதென்று அலறுவோர் படித்தவர்களிலும் உளர். அளவுகோல் மாறியதை அவர் நோக்குவதில்லை.

ஒரு மணி நேரம் வேலையா என்று நம் மாணவர் நகைப்பர். நாமும் முதலில் நகைத்தோம். எனினும் அமெரிக்காவில் ஊதியமின்றிக் குடும்பத் தொழிலில் உதவுவோர் வாரம் பதினைந்து மணி உழைத்தாலன்றி வேலையுள்ளவராகார். அவ்விதியை இங்கே வைத்தால், காலையில் ஒரு மணி நேரம் குடும்பத்தின் மாடு கறக்கும் பெண்கள் பலர் கணக்கினின்று மறைந்து போவர். ஒரு மணி விதி குறையுடையதன்று. அதனுடன் உழைத்த மணிகளின் தொகையையும் சேர்த்துக் கூறாது விடுவதே குறை. அத்தொகையையும் நம் கணக்காளர் கேட்டு எழுதுகின்றனர். படிப்பவரே அதைத் தேடுவதில்லை.

பதினைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களில் தொழிலாளர் தொகையிற் சேர்ந்தோர் 2017-18-ல் நூற்றுக்கு 23.3 ஆக இருந்து, 2023-24-ல் 41.7 ஆயினர். இவ்வுயர்வில் பெரும்பகுதி கிராமத்துச் சுயதொழிலும் கூலியில்லா உதவியுமே. இதைச் செழிப்பென்பதா, நெருக்கடியென்பதா? பழைய விதியை ஒரேயடியாகக் கைவிட்டால் இக்கேள்வியைக் கேட்கவும் இடமிராது. உலகத்தோடு ஒத்து அளப்பது நன்றே. ஆயினும் இரு விதிகளின்படியும் தொகை காண ஏதுவாகக் கேள்விகள் இருத்தல் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். அங்ஙனம் வீடுதோறும் எழுதிய விவரம், பெயர் நீக்கி, எவரும் இலவசமாய்ப் பெறும்படி வைக்கப்படுகிறது. ஜெனீவாவிலுள்ளோரும் பல தேசங்களின் இத்தகைய விவரங்களையே வாங்கி, ஒரே விதிக்குட்படுத்தித் திரும்பக் கணக்கிடுகின்றனர். நம் பொருளாதார வகுப்பு மாணவர் அதனைத் தொட்டும் பாராதது வருந்தத்தக்கது.

2025 ஜனவரி முதல் மாதிரி வீடுகளைத் தெரிந்தெடுப்பதில் ஜில்லாவே அடிப்படையாயிற்று. அரூர் வட்டத்திற்கெனத் தனித்தொகை இதிலிருந்து பெற இயலாதெனினும், தருமபுரியின் நிலை முன்னினும் தெளிவாகலாம். ஆனால் கணக்காளர் வீட்டு வாயிலில் வந்து நின்று கேட்கும்போது, “அவள் வீட்டில் சும்மாத்தான் இருக்கிறாள்” என்று ஆடவர் விடை பகர்வதை நாம் கேட்டிருக்கிறோம். வரும் விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர், தம் அன்னையார் சென்ற ஏழு நாட்களில் செய்தவற்றை மணிக்கணக்காய் எழுதிக் கொணர்வாராயின், அடுத்த இதழில் அவற்றைத் தொகுத்து வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.