உப்பு நீர்க் குளம்

சென்ற மாதம் நம் அன்பர் ஒருவர் பழவங்காடிப் பிள்ளையார் சந்நிதியில் தேங்காய் உடைத்துவிட்டு, அப்படியே நம்மையும் சாலைக் கடைவீதிக்கு அழைத்துச் சென்றார். வளைகுடா நாட்டில் இருபத்தைந்து ஆண்டுகள் உழைத்துத் திரும்பியவர் அவர். கோவளம் செல்லும் வழியில் வீடு கட்டி, பேரப் பிள்ளைகளுக்கென்று ஒரு நீச்சல் குளமும், அதனை ஒட்டி ஸ்பா எனப்படும் சிறு வெந்நீர்த் தொட்டியும் அமைத்திருக்கிறார். அக்குளத்துக்கு 175 கிலோ உப்பு வேண்டுமாம்! "எதற்கு அண்ணாச்சி இவ்வளவு உப்பு? ஊறுகாய்க் கம்பெனி தொடங்கப் போகிறீர்களா?" என்று கடைக்காரர் கேட்டே விட்டார்.

அன்பர் நகைத்தார். உப்பு நீரிலிருந்து குளோரின் உண்டாக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கியிருப்பதாகச் சொன்னார். அடுத்து அவர் சொன்னதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்தது. "இனிமேல் குளத்தில் குளோரின் என்ற பேச்சே இல்லை, கடல்நீர் போல இயற்கையான நீர்" என்று விற்றவர் உறுதி கூறினாராம். இம்மாதம் நாம் இதனை எழுத நேர்ந்தது அந்த ஒரு வாக்கியத்தாலேதான்.

கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம் அளவில் உப்பு உண்டு. இக்குளத்தில் இடுவதோ மூன்றரை கிராம். 50,000 லிட்டருக்கு 175 கிலோ என்ற கணக்கு அப்படி வந்ததே. இவ்வுப்பு எந்தக் கிருமியையும் கொல்லாது. இயந்திரத்தின் உள்ளே டைட்டானியத் தகடுகள் இருக்கின்றன. அவற்றினூடே மின்சாரம் பாயும்போது ஒரு பக்கம் குளோரினும் மறுபக்கம் ஹைட்ரஜன் வாயுவும் பிறக்கின்றன. நீரில் கரைந்த குளோரின் கிருமிகளைக் கொன்றபின் மீண்டும் உப்பாகவே மாறிவிடுகிறது. மேட்டூரிலும், 1951-இல் தோன்றிய திருவிதாங்கூர்-கொச்சி கெமிக்கல்ஸ் ஆலையிலும் உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சிப் பெருமளவில் குளோரின் எடுத்த வித்தையும் இதுவே. ஆகவே உப்புக் குளம் என்பது குளோரின் குளந்தான். வாளியில் தூளாக வந்தது இப்போது குழாய்க்குள்ளேயே பிறக்கிறது, அவ்வளவே.

இதில் என்ன பெரிய ஆபத்து என்று கேட்கலாம். கேரளத்தில் வாழும் நாம் அப்படிக் கேட்பதற்கில்லை. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஓர் அமீபா, மூக்கின் வழியே புகுந்து மூளையைத் தாக்கும் நோய் 2016-இல் ஆலப்புழையில் முதன்முதல் கண்டறியப்பட்டது. 2025-இல் செப்டம்பர் நடுவதற்குள்ளாகவே மாநிலத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரை அவ்வகை நோய் பற்றியது. நம் திருவனந்தபுரத்திலேயே ஒரு நீச்சல் குளத்தில் குளித்த மாணவர் ஒருவருக்கு நோய் கண்டதும் அக்குளம் மூடப்பட்டது. கடலில் அந்த அமீபா வாழாது, உண்மை. கடலுப்பில் பத்தில் ஒரு பங்கைக் கண்டு அது அஞ்சுவதில்லை. குளோரினுக்குத்தான் அஞ்சும்.

நிற்க. உப்பை வாங்குவதிலும் ஒரு சங்கடம் இருந்தது. ஒரு காலத்தில் திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த தாமரைக்குளம், புத்தளம் உப்பளங்கள்பால் நமக்கு ஒரு பற்று உண்டு. அந்தக் கல்லுப்பையே வாங்கலாம் என்று நாம் ஆசைப்பட்டோம். ஆனால் கல்லுப்பில் கலந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் தகடுகளில் படிந்து காரை கட்டிவிடும். அயோடின் கலந்த சமையலுப்போ குளத்தில் கறை விடக்கூடும். அயோடின் கலவாத, சுத்திகரித்த உப்பு மூன்றரை மூட்டை வந்து சேர்ந்தது.

மறுநாள் பிளம்பர் வேலை செய்ததை நேரில் பார்த்தோம். குழாய்வழியில் பம்பு, வடிகட்டி, ஹீட்டர் ஆகிய மூன்றையும் கடந்தபின்பே இவ்வியந்திரம் அமைய வேண்டும். குளத்துக்கும் ஸ்பாவுக்கும் குழாய் பிரிவதற்கு முன்பாகவும் இருக்க வேண்டும். ஹீட்டருக்குள் குளோரின் நீர் திரும்பிப் பாய்ந்து அரித்துவிடாதபடி இடையே ஒருவழி வால்வு ஒன்று அவசியம். நீரோட்டம் நின்றால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சிறு கருவி ஒன்றும் உண்டு. பிளம்பர் அதனை வீண் தொல்லை என்று கருதி விட்டுவிடப் பார்த்தார், நாம் விடவில்லை. ஓடாத நீரில் ஹைட்ரஜன் தேங்கினால் குழாய் வெடித்துச் சிதறவும் கூடும்.

எல்லாவற்றையும்விடக் கருதத்தக்கது அந்த வெந்நீர்த் தொட்டி. அன்பரின் இயந்திரம் மணிக்கு 20 கிராம் குளோரின் தருவது. குளம் முழுவதும் கலந்தால் அது லிட்டருக்கு 0.4 மில்லிகிராம். வால்வைத் திருப்பி 2,000 லிட்டர் ஸ்பாவில் மட்டும் நீரைச் சுழல விட்டாலோ, அதே ஒரு மணியில் 10 மில்லிகிராம் ஏறிவிடும். கண்ணும் மார்பும் எரியும். அதற்கு அஞ்சி இயந்திரத்தை நிறுத்திவைத்தால், அச்சூட்டில் சில பேர் இறங்கியதுமே இருந்த குளோரினும் தீர்ந்துபோகும். ஆகையால் ஸ்பாவுக்கென உற்பத்தியைக் குறைத்து வைத்து, இறங்குமுன் ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்க வேண்டும். குளத்தில் குறைந்தது 1 மில்லிகிராம், ஸ்பாவில் 3 என்பது மருத்துவ வல்லுநர் கூறும் அளவு. குளத்து நீர் வெயிலைத் தாங்க சயனூரிக் அமிலம் சேர்த்திருந்தால் அங்கே 2 வேண்டும். இவ்வியந்திரம் நீரின் காரத்தன்மையையும் மெல்ல ஏற்றும். காரம் மிகுந்தால் குளோரின் இருந்தும் அதன் வலு குன்றிவிடும். அவ்வப்போது சிறிது அமிலம் சேர்க்க வேண்டியிருக்கும்.

இனி இடவப்பாதி மழை. வெயிலில் நீர் வற்றினால் உப்பு குறையாது; மழையில் குளம் நிரம்பி வழிந்தாலோ உப்பும் உடன் போகும். உப்பு மிகக் குறைந்தால் இயந்திரம் தானே நின்றுவிடும். மழையோடு மின்சாரமும் போவது நாம் அறியாததா? பம்பு ஓடாத வேளையில் ஒரு துளி குளோரினும் பிறவாது; நீரோ கண்ணாடி போலத் தெளிந்தே இருக்கும்.

சென்ற வாரம் அன்பரிடமிருந்து தொலைபேசி வந்தது. முந்தின இரவு முழுவதும் மின்சாரம் இல்லையாம். காலையில் பேரன் குளத்தருகே தயாராக நின்றிருக்கிறான். அளந்து பார்த்தால் அரை மில்லிகிராம்கூட இல்லை. மாலைவரை இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டாராம். பையன் அழுது தீர்த்துவிட்டானாம்.